அந்த 'சரி' எந்தக் கேள்விக்கு?

1

இது எனக்குத் தோன்றிய கதையல்ல, என்னிடம் வந்த புகார். 2011இல் நான் பெங்களூரில் வெளிநாட்டிலிருந்து மலிவாகப் பேச உதவும் ஒரு காலிங் கார்டு கம்பெனியில் வேலை பார்த்தேன். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் மத்திகிரியில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டு ஃபகருன்னிசா ஒரு காலையில் வந்து கேட்டார்:

"தம்பி, நேத்து எங்க வூட்டுக்காரரு போன்ல 'சரி'ன்னாரு. அது எந்தக் கேள்விக்குன்னு உங்க கம்பெனில பாத்துச் சொல்றீங்களா?"

2

குரல் என்பது ஆதிகாலம் தொட்டு மனிதனை... [அடித்துவிட்டேன்.]

வளைகுடாவில் இருக்கும் ஃபகருன்னிசாவின் கணவர் லால் பாஷா கார்டைச் சுரண்டுவார். அந்த ஊர் எண் ஒன்றை அழைத்து, கார்டின் ரகசிய எண்ணை அழுத்துவார். எங்கள் கம்ப்யூட்டர் மீதி நிமிடங்களைச் சொல்லிவிட்டு, அவர் குரலைத் துண்டு துண்டாக்கி இன்டர்நெட்டில் அனுப்பும். பெங்களூரில் அவை ஒட்டப்பட்டு, சாதாரண போன் போல மத்திகிரியில் மணியடிக்கும். [ஒட்டுவதற்குச் சில நாட்களில் மூன்று நொடி ஆகும். கதை நடப்பது அந்த மூன்று நொடியில்தான்.]

3

"ஜைபாவுக்கு கம்பெனி வேல கெடச்சிருக்கு, அனுப்பட்டுமா?" என்று மகளைப் பற்றி ஃபகருன்னிசா கேட்டிருக்கிறார். பதில் இல்லை. லைன் போய்விடுமோ என்ற பயத்தில் அடுத்ததையும் கேட்டுவிட்டார்: "உஸ்மான் வூட்ல பொண்ணு கேட்டு வந்தாங்க. ஒத்துக்கட்டுமா?"

அப்போது வந்தது 'சரி'. உடனே கார்டு தீர்ந்தது.

ஃபகருன்னிசா திரும்ப அழைத்தார். திரையில் விழுந்திருந்தது எங்கள் கம்பெனி எண். 'அப்படி ஒரு எண்ணே இல்லை' என்றது கன்னடப் பதிவுக்குரல்.

இரண்டாவது கேள்விக்குத்தான் என்றார் அம்மா. முதலாவதற்கு என்றாள் மகள். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. [பேசினார்கள், என் வழியாக.]

"எங்ககிட்ட நம்பரும் நேரமுந்தான் இருக்கும்க்கா. பேச்சு இருக்காது."

"அப்ப அது என்ன கம்பெனி," என்றார்.

4

ஒரு முடிவு: தாமதத்தைக் கணக்கிட்டு நான் தீர்ப்புச் சொல்கிறேன், ஜைபா கண்கலங்கி... வேண்டாம். நான் அவ்வளவு கெட்டிக்காரனில்லை.

நடந்தது இது. வெள்ளிக்கிழமை லால் பாஷா புதுக் கார்டில் அழைத்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரே கேள்விதான், பதில் வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன்.

"அன்னைக்கு எதுக்கு சரின்னீங்க?"

மூவரும் காத்திருந்தோம்.

"அதுவா? ரூம்ல மூர்த்தி சாப்பிடக் கூப்பிட்டான், அவனுக்குச் சொன்னேன். நீ ஏதாச்சும் கேட்டியா?"

ஃபகருன்னிசா போனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜைபா அதை வாங்கினாள்.

"அத்தா, திங்கக்கெழம வேலைக்குச் சேரப் போறேன்."

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. அந்த மூன்று நொடியை நான் விரல்விட்டு எண்ணினேன்.

"போயிட்டு வாம்மா. கம்பெனி பஸ்ஸு வூட்டுகிட்ட வருமா?"

5

பஸ் வந்தது. அவள் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸோடு ஃபகருன்னிசா தெருமுனை வரை ஓடினார்.

உஸ்மான் விஷயம்? ஜைபாவிடமே கேட்டேன்.

"அத எழுதாதீங்கண்ணா. நானே இன்னும் யோசிக்கல."

அவளே யோசிக்காததை நான் எப்படி எழுத? நீங்கள் வேண்டுமானால் யோசித்து வையுங்கள். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.