நான்கைப் பூஜ்யமாக்கியவன்

1

இந்தக் கதைக்குப் பொறுப்பு துக்க ஆலோசகர். "உங்களப் பத்தி எழுத வரலன்னா, வேற எதையாவது எழுதுங்க" என்றார். ஆறு, நாய் என்று எதையாவது எதிர்பார்த்திருப்பார். நான் சுவரில் மாட்டியிருக்கும் நச்சுவாயு டிடெக்டரை எடுத்துக்கொண்டேன். ஆல்பர்ட்டாவில் எங்கள் எரிவாயு ஆலையில் அவற்றை அளவு திருத்துவதுதான் என் வேலை. வேறு எதுவும் எனக்குத் தெரியாது. இலக்கியம் உட்பட.

முயன்ற தொடக்கங்கள்:

பனி பெய்துகொண்டிருந்தது. (எங்கள் ஊரில் இது ஒரு தகவலே அல்ல.)

மரணத்துக்கு அழுகிய முட்டையின் நாற்றம். (எங்கள் நச்சுவாயுவின் நாற்றம் அதுதான். மன்னிக்கவும்.)

ஓரெஸ்ட் டிடெக்டரின் மூடியைக் கழற்றியபோது, அவன் மனைவி

2

என் கதாநாயகன் ஓரெஸ்ட்டுக்கு முதல் வரைவில் மனைவி இருந்தாள். சமையலறையில் நிறுத்தினேன். நின்றுகொண்டே இருந்தாள். பேசவைக்க என்னால் முடியவில்லை. மூன்று பக்கம் கழித்து அவளை எடுத்துவிட்டேன். ஆகவே ஓரெஸ்ட் மனைவியை இழந்தவன். கதைத் தேவைக்காக. வேறு காரணம் தேடாதீர்கள்.

இனி நடந்தது. வடிகட்டிக் கொட்டகைக்குள் இருக்கும் டிடெக்டர் நான்கு காட்டியது. சுத்தமான காற்றில் பூஜ்யம் காட்ட வேண்டும். கருவிக்கு வயதாகிவிட்டது, அளவு நகர்ந்திருக்கிறது என்று ஓரெஸ்ட் நினைத்தான். சுத்தக் காற்று பாட்டிலை அதன் வாயில் பொருத்தித்தான் பூஜ்யம் வைக்க வேண்டும். பாட்டில் காலி. காலியானால் கொட்டகைக் கதவைத் திறந்துவைத்து, "அறைக் காத்து போதும்" என்று பொத்தானை அழுத்துவது எங்கள் வழக்கம்.* அழுத்தினான். நான்கு, பூஜ்யமானது. அடுத்து இருபத்தைந்து அளவுள்ள சோதனை வாயுவைக் காட்டினான். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. அழகான வேலை.

* எல்லோரும் செய்வோம். யாரும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

3

இதுவரை எழுதியதை மதிய உணவின்போது மார்லிஸிடம் கொடுத்தேன். ஆலையில் வால்வுகளைப் பார்த்துக்கொள்பவர். என்னைவிட இருபது வயது மூத்தவர். கையில் பெரோகிக் கொழுக்கட்டை, உதட்டில் புளித்த கிரீம்.

"ஓரெஸ்ட் சட்டையில மாட்டுற சின்ன டிடெக்டர் எங்க?"

"மறந்துட்டேன்."

"அவனா, நீயா?"

"நான்."

"நல்லா இருக்கு எழுத்தாளரே. கதையில ஒருத்தன், அவனுக்கும் பாதுகாப்பு கிடையாது."

மாட்டிவிட்டேன். அது அன்றைய உச்ச அளவை நினைவில் வைத்திருக்கும். ஓரெஸ்ட் வண்டியில் ஏறி, கையுறையைக் கழற்றி, எதேச்சையாகப் பார்க்கிறான். உச்சம்: நான்கு.

(இங்கே ஓர் உள்மனப் பேச்சு இருந்தது. ஒரு பக்கம். உங்களுக்காக நீக்கினேன். நன்றி வேண்டாம்.)

அதாவது கருவி சரியாகத்தான் சொன்னது. உள்ளே எங்கோ கசிகிறது. கசிவைத்தான் அவன் சுத்தக் காற்று என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். இனி பத்தில் அலற வேண்டியது பத்தைத் தாண்டியும் சும்மா இருக்கும். வாசலில் சிவப்பு விளக்கு எரியாது. சாப்பாடு முடிந்ததும் மார்லிஸ் உள்ளே போய், குனிந்து, வடிகட்டி மாற்றுவார்.

"என் பேரையே போட்டிருக்கியே."

"வேற பேரு தோணல."

"சட்டையில என்னோடது இருக்குல்ல. அது கத்தும்."

"அது நீங்க உள்ள போன பிறகுதான் கத்தும். வாசல்லயே தடுக்கிறது சுவத்துல இருக்கிறது."

மார்லிஸ் பெரோகியைக் கீழே வைத்தார்.

4

முடிவு ஒன்று: ஓரெஸ்ட் திரும்பிப்போய், யாருக்கும் தெரியாமல் மறுபடி பூஜ்யம் வைக்கிறான்.

"பாட்டில்தான் காலியாச்சே. எதை வச்சு வைப்பான்? மூச்ச விட்டா?" என்றார் மார்லிஸ்.

முடிவு இரண்டு: கசிவு பெருகுகிறது. ஓரெஸ்ட் பனியில் ஓடுகிறான், வெள்ளை நிறத்தை எதிர்த்து ஒரு சிறு

"என்னைக் கொன்னுட்டு உனக்கு உவமை கேக்குதா?"

முடிவு மூன்று: மார்லிஸை வாக்கி-டாக்கியில் கூப்பிட்டு உண்மையைச் சொல்கிறான்.

"இதுதான். இதுல என்ன கஷ்டம்?"

கஷ்டம் இதுதான். ஓரெஸ்ட்டுக்குத் திட்டு வாங்கப் பயமில்லை. மனைவியை அடக்கம் செய்ததிலிருந்து யாரும் அவனைத் திட்டுவதில்லை. குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அடுப்பில் சூடாக்கித் தின்னும்படி பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாடு கொடுத்தனுப்புகிறார்கள். தவறு செய்துவிட்டேன் என்று சொன்னால், "பரவால்லப்பா, உன் நிலைமையில யாருக்கும் நடக்கும், ஒரு மாசம் வீட்ல இரு" என்பார்கள். வீட்டில். அந்தப் பதிலை மார்லிஸ் சொல்வதாக முதலிலேயே எழுதிவிட்டேன். அதைக் கேட்பதற்காக அவன் சொல்ல வேண்டிய வாக்கியம்தான் வரவில்லை. ஒரு வாரமாக அவனை வண்டியில் உட்காரவைத்திருக்கிறேன். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதையும் எழுதி மார்லிஸிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

"இந்தப் பதில அடிச்சுடு. நான் இப்படிப் பேச மாட்டேன்."

"என்ன சொல்லுவீங்க?"

"'அறிவுகெட்டவனே, புது பாட்டிலோட வா. நீ வர்ற வரைக்கும் வெளியவே நிக்கிறேன்.' அவ்வளவுதான். வீட்டுக்கெல்லாம் யாரும் அனுப்பல. நீ இல்லன்னா இந்த டிடெக்டரையெல்லாம் யாரு பாக்குறது?"

"ஓரெஸ்ட்."

"ஆமா. ஓரெஸ்ட்தான்" என்றார், என்னைப் பார்த்து.

5

பதிலை மாற்றிவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மார்லிஸ் கொட்டகைக் கதவை நோக்கி நடக்கிறார். ஓரெஸ்ட் வாக்கி-டாக்கியின் பேசுபொத்தானை அழுத்திவிட்டான். "மார்லிஸ், அந்த டிடெக்டர்" என்று சொல்லி நிறுத்திவிட்டான். அவன் விரல் அதன்மேல் இருக்கும்வரை அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது.

மீதி வாக்கியம் உங்களுடையது. சீக்கிரம் சொல்லுங்கள்.