கரிபஸ் குழாயில் விழுந்த விரிசல்

1943ஆம் வருஷம் ஆடி மாதம், பென்னாகரம் கரிபஸ்ஸின் குழாயில் விழுந்த விரிசல் பஸ்ஸை விட்டு இறங்கி, டிரைவர் குப்புராஜின் வீட்டை நோக்கி நடந்தது. அந்த மாதம் கேழ்வரகும் விலை ஏறியிருந்தது.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் பின்னால் அடுப்பைக் கட்டி, கரிப்புகையில் வண்டி ஓட்டிய காலம் அது. அடுப்புக்குள் காற்று போகும் குழாய் நிக்கல் கலந்த உலோகம். லேசில் நெருப்புக்கு மசியாது. அது ஒருநாள் வளைந்துபோக, குப்புராஜ் சாலையோரம் கழற்றி வைத்திருந்தபோது, பர்மா சண்டையிலிருந்து திரும்பிய சிப்பாய் ஒருவன் வந்து, மச்சினன் நஞ்சப்பன் செத்த சேதியைச் சொன்னான். மனைவி பெரியம்மாளுக்கு வயிற்றில் அது எட்டாம் மாதம். தாயில்லாத தம்பி நஞ்சப்பனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். "எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் மூச்சு வுட்டுடாதீங்க" என்று குப்புராஜ் கும்பிட்டான். சிப்பாய் ஏதோ சொல்ல வாயெடுத்து, தலையை ஆட்டிவிட்டுப் போனான். பழுக்கக் காய்ச்சி நிமிர்த்த வேண்டிய குழாயை, குப்புராஜ் காய்ச்சாமலே அடித்து நிமிர்த்தினான். அழ வேண்டியதையெல்லாம் சுத்தியலில் இறக்கினான்.

வெளிப்பார்வைக்குக் குழாய் நேராகத்தான் இருந்தது. வாங்கிய அடி உள்ளே முறுக்கிக்கொண்டு கிடந்தது. நெருப்பு மூட்டியதும் அடிபட்ட தடத்தில் கருஞ்செதிள் பூத்தது. செதிளுக்கடியில் காற்று புகுந்து, மயிரிழையாய் விரிசல் ஓடியது. குழாய் முடிந்த இடத்தில் அது நிற்கவில்லை. சாலையில் இறங்கியது. கோயில் கல்லைத் தொடவில்லை. பங்காளிச் சண்டை தீராத ஒரு வீட்டுச் சுவரில் மட்டும் ஏறி இறங்கியது. "அண்ணா, உன் வண்டி வழியில நின்னாலும் உன் விரிசலு நேரத்துக்கு வூடு போயிரும் போல!" என்று சந்தைக்கூடையோடு கோவிந்தம்மாள் சிரித்தாள். குப்புராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. வழியெல்லாம் மண்ணடைத்தான், சாணி மெழுகினான். அடைத்த இடத்தில் இன்னும் வேகமாகப் போனது.

வெள்ளிக்கிழமை வாசற்படி பிளந்தது. பெரியம்மாள் பாயில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் குதிகாலுக்கு ஒரு சாண் தூரத்தில் தரை கருப்பாய் வெடித்துக்கொண்டு வந்தது.

"எந்திரி புள்ள!"

அவள் அசையவில்லை.

"நஞ்சப்பன் போயிட்டான் புள்ள..."

"தெரியுங்க. அந்த ஆளு மொதல்ல இங்கதான் வந்தாரு. எனக்கு வாய் வரல, அதான் உங்ககிட்ட அனுப்புனேன். நீங்க வந்து சொல்லுவீங்க, சேந்து அழுவலாம்னு இத்தன நாளா ஒக்காந்திருக்கறேன்."

இருவரும் அழுதார்கள். விரிசல் நின்றது.

மறுநாள் குழாயைப் பழுக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, தானாக ஆறவிட்டான். பெட்ரோல் திரும்ப வரும்வரை அதே குழாய்தான் ஓடியது. பிறந்த பெண் குழந்தை அந்த விரிசலைத் தாண்டித்தான் நடை பழகியது. ஒவ்வொரு ஆடியிலும் பெரியம்மாள் தம்பி பெயரைச் சொல்லி அதில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவாள். பஸ் எந்த ஊரில் போய்க்கொண்டிருந்தாலும் அந்நேரம் அடுப்பிலிருந்து ஆவி சீறும். "அக்கா தண்ணி ஊத்திட்டாங்க" என்று பயணிகள் இறங்கி நின்று, அடுப்பு மறுபடி சூடேறியதும் ஏறிக்கொள்வார்கள்.