பன்றி திரும்பிய நேரம்

1976இல் ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிரகரியும் சிங்காரமும் காவல் வேலை பார்த்தார்கள். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் நடமாடுவதாகப் பேச்சு இருந்ததால் இருவருக்கும் துப்பாக்கி கொடுத்திருந்தார்கள். கிரகரியிடம் இருந்தது வெள்ளைக்காரத் துரை காலத்து ரிவால்வர். சிங்காரத்துக்கு அந்த ஆண்டுதான் புது பிஸ்டல் வந்திருந்தது.

"உங்களோடதுல ஆறு தோட்டா, இதுல பதிமூணு. அதைத் தூக்கிப் போடுங்கண்ணே லா!"

"பதிமூணும் வெடிக்கணும்ல? இந்தக் குளுருல உன்னோட மெஷின் சிக்கிக்கும் பாரு."

ஒருநாள் காலை, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த இராசம்மா அலறினாள். கண்ணிக் கம்பியை அறுத்துக்கொண்டு வந்த காட்டுப்பன்றி ஒன்று பெண்களை நோக்கிப் பாய்ந்தது. சிங்காரம் சுட்டான். தோளில் பட்டது. மறுபடி சுடப் போனபோது காலித் தோட்டா வெளியே விழாமல் பிஸ்டலின் பக்கத் திறப்பில் சிக்கிக்கொண்டது. அவன் அதை இழுத்துப் பிடுங்குவதற்குள் பன்றி அவன் பக்கம் திரும்பியது.

கிரகரி விசையை இழுத்தான். டொக். வெடிக்கவில்லை. மறுபடி இழுத்தான். அடுத்த தோட்டா சுழன்று வந்து வெடித்தது. சிங்காரத்தின் காலடியில் பன்றி சரிந்தது.

அன்று மாலை, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லா வீட்டிலும் பன்றிக்கறி. "பழசு பழசுதான்" என்று எல்லோரும் கிரகரியைக் கொண்டாடினார்கள். அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

"என்னங்க, ஒரு எடத்துல உக்கார மாட்டீங்களா?" என்றாள் மனைவி ரீட்டா.

அவன் ரிவால்வரைத் திறந்து பார்த்தான். தோட்டாக்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அவற்றை மாற்றியதாக அவனுக்கு நினைவே இல்லை. இரண்டாவதும் வெடிக்காமல் போயிருந்தால்?

சிங்காரத்தின் வீட்டுக்குப் போனான். அங்கே பிஸ்டல் துண்டுதுண்டாகப் பாயில் கிடந்தது.

"பெட்டியில வந்த கிரீஸ் அப்படியே இறுகிக் கெடக்குண்ணே. நான் தொடைக்கவே இல்ல." சிங்காரம் நிமிர்ந்து பார்த்தான். "ஆமா, மொதல்ல டொக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சே?"

கிரகரி வெடிக்காத தோட்டாவைப் பாயில் வைத்தான்.

மறுநாள் தோட்ட மேனேஜரான துரையிடம் போய் நடந்ததைச் சொன்னார்கள். துரை முகம் சுளித்தாலும் புதுத் தோட்டாக்கள் தந்தார். ஆற்றோரத்தில் கல்லுடைக்கும் இடத்தில் சுட்டுப் பார்த்தார்கள். துடைத்து எண்ணெய் போட்ட பிஸ்டல் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. ரிவால்வரின் தோட்டா உருளை மட்டும் பாதியில் இறுகி நின்றுவிட்டது.

"எனக்கும் புதுசு வாங்கிக் குடுங்க, துரை," என்றான் கிரகரி.

அது வந்து சேர ஒரு மாதமாயிற்று. அதுவரை, புதரில் இலை அசைந்தாலும் திரும்பிப் பார்த்தபடி, சிங்காரத்தை விட்டு ஓரடிகூட விலகாமல் நடந்தான்.