ராஜா அங்கியின் உள்பக்கம்

1

விண்ணப்பப் படிவத்தை நிரப்பிய கை அதன் பிறகு கலையைத் தொட லாயக்கற்றது. இது இயற்கை விதி. உலக வரலாற்றில் இதற்கு ஒரு விதிவிலக்குகூடக் கிடையாது; கேசவ் தேடிப் பார்த்துவிட்டான், கல்லூரி நூலகத்தில், முழுசாக அரை மணி நேரம்.

இந்தக் கதையை எழுதுவதும் அந்தக் கேசவ்தான். ‘நான்’ என்று எழுதினால் திமிர் தெரியுமே என்று ‘அவன்’ என்று எழுதுகிறான். திமிர் குறைந்த மாதிரி அவனுக்கே படவில்லை.

கதை பிறந்த விதத்தை ஒளிக்காமல் சொல்லிவிடலாம். 1998 ஜூன். நாட்டு நலப்பணித் திட்டத்தில் கேசவுக்கு நாற்பது மணி நேர சேவை பாக்கி இருந்தது. பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடு என்று பெங்களூர் ஒக்கலிபுரத்துக்கு அனுப்பினார்கள். எழுத்துப் படிக்க ஒருவரும் வரவில்லை, எல்லாரும் நாடக ஒத்திகையில் இருந்தார்கள். அவனும் போய் உட்கார்ந்து நாற்பது மணி நேரமும் சிரித்தான். அந்தச் சேவைக்குச் சான்றிதழும் வாங்கினான்.

2

முதல் வரிக்காக அவன் பட்ட பாடு:

(அ) ‘பெங்களூரின் மாலை மழை மெல்ல...’ (வேண்டாம். அன்றைக்கு வெயில்.)

(ஆ) ‘கலை என்பது யாதெனில்’ (அடித்தாயிற்று. யாதென்று தெரியவில்லை.)

(இ) ‘எல்லம்மாவின் கண்களில் ஒரு கனவு’ (எல்லம்மா கண்ணில் அப்போது இருந்தது முகப்பவுடர். கண்ணைக் கசக்கிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.)

ஆகவே நேராகச் சொல்கிறான். ஒக்கலிபுரம் நண்பர்கள் நாடகக் குழு 1987 முதல் வருஷம் ஒரு தடவை தவறாமல் ராஜா நாடகம் போடுகிறது. ராஜா தமிழில் திட்டுவார், மந்திரி கன்னடத்தில் பதில் சொல்வார், ஜனம் இரண்டிலும் சிரிக்கும். ராஜா வேஷம் பெருமாள்சாமி, பகலில் ரயில் பெட்டி கழுவுகிறவர். உடுப்பு தைப்பது எல்லம்மா, பொம்மசந்திராவில் தையல் கம்பெனி வேலை. பதினோரு வருஷமாக மேடைக்குப் பின்னால் ஊசியோடு நின்றவர், இந்த வருஷம்தான் மேடை ஏறுகிறார். மந்திரி வேஷம் கட்டியவர் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார், வசனம் மொத்தமும் மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு ஆள் எல்லம்மாதான்.

ஏறுவதற்கு மேடை இல்லை என்பதுதான் சிக்கல். ஆடிக்கொண்டிருந்த மைதானத்தில் வண்டி நிறுத்தும் கட்டடம் எழும்பிவிட்டது. அரசுக் கலைத்துறையின் பட்டியலில் பெயர் ஏறினால் வருஷத்துக்கு ஒரு நாள் அரங்கம், விளக்கு, மைக் எல்லாம் இலவசம். ஏறாவிட்டால் இந்த வருஷம் நாடகம் இல்லை.

3

“தம்பி, நீ கன்னடம் நல்லா எழுதுவ இல்ல? இந்த ஃபாரத்த கொஞ்சம் பர்த்தி பண்ணிக் குடு” என்றார் எல்லம்மா.

“அக்கா, கலைஞன் அரசாங்கத்துக்கிட்ட கையேந்தக் கூடாது.”

“கையேந்தவா சொன்னேன்? எழுதத்தான சொன்னேன்?”

“‘தங்கள் பணிவுள்ள’ன்னு முடிக்கணும். என்னால முடியாது.”

“விடு எல்லம்மா, அவரு பெரிய ரைட்டரு. பணிஞ்சா இடுப்பு புடிச்சிக்கும்” என்றார் பெருமாள்சாமி.

கேசவ் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். அந்த வாரமே கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகையில் ‘தங்கள் பணிவுள்ள கலை’ என்று ஒரு கட்டுரை எழுதினான். அதில் நாட்டின் சகல கலைஞர்களும் முதுகெலும்பைப் படிவத்தோடு இணைத்துச் சான்றொப்பம் வாங்குகிறார்கள். வகுப்பே சிரித்தது. அடுத்த கட்டுரைக்குச் சரக்கு வேண்டுமே என்று எல்லம்மாவும் பெருமாள்சாமியும் துறை அலுவலகம் போனபோது நோட்டுப் புத்தகத்தோடு கூடவே ஒட்டிக்கொண்டான். படிவத்தை வாசலில் மனு எழுதுகிறவர் நிரப்பிக் கொடுத்தார்.

4

குமாஸ்தா பத்ரிநாத் கேசவுக்குப் பெரிய தலைவலி. (பாத்திரமாகச் சொல்கிறான்.) கட்டுரைக்கு வில்லன் தேவை. முதல் பிரதியில் பத்ரிநாத் மேஜைக்கு அடியில் கை நீட்டினார். நிஜத்தில் அவர் நீட்டியது பிஸ்கெட். இரண்டாம் பிரதியில் ‘நாளைக்கு வா’ என்றார். நிஜத்தில் ‘உட்காரும்மா’ என்றார். இப்படிப்பட்ட குமாஸ்தாவை எந்த வாசகர் நம்புவார்? கேசவுக்கே நம்பிக்கையில்லை. ஆனாலும் மனிதர் பிடிவாதமாக அப்படியேதான் இருந்தார்.

பத்து நிமிஷம் அவர் கன்னடத்தில் கேட்டார், எல்லம்மா கன்னடத்தில் சொன்னார். நடுவில் டெலிபோன் அடித்தது. “மங்கை, வரச்சே கொத்தமல்லி வாங்கிண்டு வரேன், வெச்சுடு” என்றார் பத்ரிநாத்.

“அய்ய, தமிழா சார் நீங்க? இத மொதல்லயே சொல்றதில்லயா?”

“நீங்களும் சொல்லலையே!”*

(* பெங்களூரில் அன்றாடம் நடப்பதுதான் இது. கேசவின் அப்பா சேஷகிரியும் எதிர்வீட்டுக்காரரும் இப்படியே கன்னடத்தில் ஆறு வருஷம் ஓட்டினார்கள்.)

பத்ரிநாத் படிவத்தைப் புரட்டிப் பதினோராவது கட்டத்தில் நின்றார். “மூணு வருஷத்து நிகழ்ச்சி ஃபோட்டோ கேட்டிருக்கு. வெச்சிருக்கேள். ஆனா ஃபோட்டோல பேனர் தெரியணும், பேர், தேதியோட. ஒண்ணுலயும் பேனரே இல்லையே?”

“பேனர் தெருமொனையில இருக்கும் சார். வழி தெரியாம யாராச்சும் வேற பக்கம் போயிட்டா?”

“சரி, அந்தப் பேனரையாவது கொண்டு வாங்கோ.”

எல்லம்மா பெருமாள்சாமியைப் பார்த்தார். பெருமாள்சாமி கூரையைப் பார்த்தார்.

“வெட்டித் தச்சிட்டேன் சார். நல்ல காடாத் துணி. சும்னே வீணா போகும்னு வருஷா வருஷம் நாடகம் முடிஞ்ச மறுநாளே உடுப்புக்கு உள்துணியாப் போட்டுருவேன்.”

“எல்லாத்தையுமா?”

“பதினொண்ணையும்.”

பத்ரிநாத் பேனாவை மூடினார். கேசவ் நோட்டைத் திறந்தான். அபத்தமான விதி, அதைவிட அபத்தமான மனுதாரர். கட்டுரை தானாகவே எழுதிக்கொண்டது. ‘அரசாங்கம் ஆதரிப்பது கலையை அல்ல, பேன—’

வாக்கியத்தை முடிக்க விடாமல் எல்லம்மா தோள்பையில் ஒத்திகைக்காக வைத்திருந்த உடுப்புகளிலிருந்து ராஜா அங்கியை உருவி, ஒரே உதறலில் உள்பக்கத்தை வெளியே திருப்பி, பெருமாள்சாமி தலைவழியாக மாட்டினார்.

மேலே கன்னடம், கீழே தமிழ், சிவப்புச் சாயத்தில். மார்பில் ‘லிபுரம் நண்பர்’. இடுப்பில் ‘கள் நாடகக் கு’.

பத்ரிநாத் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுந்து வந்தார். “தேதி?”

“கையத் தூக்குண்ணா” என்றார் எல்லம்மா. ராஜா கையைத் தூக்கினார். அக்குளில் 1996.

“தொண்ணூத்தஞ்சு?”

“திரும்புண்ணா.”

முதுகில், கொஞ்சம் கீழே, 1995. அக்கம்பக்கத்து மேஜைகள் காலியாகி எல்லாரும் சுற்றிலும் நின்றார்கள். “இத ஃபைல்ல எப்படிக் கோக்கறது?” என்றார் பத்ரிநாத், நிஜமான கவலையோடு.

“ஆளையே கோத்துருங்க சார். ரெண்டு நாள் லீவு போடுறேன்” என்றார் பெருமாள்சாமி.

“தொண்ணூத்தேழு இன்னும் வரலையே?”

அது மந்திரி கோட்டில் இருந்தது. எல்லம்மா அதை எடுத்தார், உள்பக்கம் வெளியே வரத் திருப்பினார், கொஞ்சம் தயங்கிவிட்டுப் புடவைமேலேயே போட்டுக்கொண்டு பொத்தானை மாட்டினார். நெஞ்சில் 1997. அத்தனை பேர் முன்னால் அவர் வேஷம் போட்டு நின்றது அதுதான் முதல் தடவை. யாரும் சொல்லச் சொல்லாமலே மந்திரியின் முதல் வசனத்தைக் கன்னடத்தில் சொன்னார். ஆபீஸ் மொத்தமும் கைதட்டியது.

இந்த இடத்துக்கு ஒரு கேலி எழுதலாம் என்று கேசவ் நோட்டில் இடம் விட்டு வைத்தான். அந்த இடம்:

(                    )

5

“இதே மாதிரி உள்பக்கம் தெரிய நின்னு ஃபோட்டோ எடுத்துக் குடுங்கோ. ஏன் இப்படி ஆச்சுன்னு தனித்தாள்ல உண்மை விவரம் எழுதி, குழுச் செயலாளர் கையெழுத்து வேணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள வந்தா கமிட்டிக்கு வெச்சுடறேன். யாரு செயலாளர்?” என்றார் பத்ரிநாத்.

குழுவில் அப்படி ஒரு பதவியே இருந்ததில்லை. எல்லம்மாவும் பெருமாள்சாமியும் ஒருசேரத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அவரு எழுத மாட்டாரு, இடுப்பு...” என்று ஆரம்பித்தார் பெருமாள்சாமி.

“நீ சும்மா இருண்ணா” என்றார் எல்லம்மா.

6

முடிவுகள் மூன்று கையிருப்பில் உள்ளன.

ஒன்று: அரங்கம் கிடைக்கிறது. எல்லம்மா மேடை ஏறுகிறார். பத்ரிநாத் குடும்பத்தோடு முன்வரிசையில்.

இரண்டு: கிடைக்கவில்லை. வண்டி நிறுத்தும் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஸ்கூட்டர்களுக்கு நடுவே ராஜா தமிழில் திட்டுகிறார்.

மூன்று: கமிட்டி, செயலாளர் கல்லூரியில் எழுதிய பழைய கட்டுரை எதையோ படித்துவிடுகிறது. (இதைக் கேசவ் அடித்துவிட்டான். அடித்தது தெரியட்டும்.)

எது என்பது அவனுக்குத் தெரியாது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை, மணி மூன்றரை. ஃபோட்டோக்கள் பிரமாதமாக வந்திருக்கின்றன. பெருமாள்சாமி மூன்றிலும், எல்லம்மாவின் மந்திரி கோட்டுக்குப் பக்கத்தில்கூட, ராஜாவாகவே முறைக்கிறார். நீங்கள் இதுவரை படித்ததுதான் அந்தத் தனித்தாள். துறைக்குப் போகும் கன்னடப் பிரதி இதில் பாதி நீளம்தான். முதல் பத்தியை எடுத்துவிடலாமா என்று யோசித்தான், எடுக்கவில்லை. உண்மை விவரம் என்று கேட்டிருக்கிறார்கள்.

இணைப்பு: புகைப்படங்கள் மூன்று.

தங்கள் பணிவுள்ள,
கேசவ்
செயலாளர், ஒக்கலிபுரம் நண்பர்கள் நாடகக் குழு

- - - - - - - - - - - - - - - - - - - -
(கோட்டுக்குக் கீழே விண்ணப்பதாரர் எதுவும் எழுதக் கூடாது.)

முடிவு: