ஆறாவது குழாய்

காலை பதினொன்று பத்து. அண்ணன் ஒரே மடக்கில் கோப்பையைப் பாதியாக்கினார். அதற்குமேல் தொடவில்லை.

"என்னம்மா இது, கஷாயம் காய்ச்சி எடுத்துட்டு வந்திருக்க?"

அவருடைய மதுக்கூடத்தில் ஐந்து குழாய்களில் பெரிய கம்பெனிகளின் பீர். ஆறாவதைத் தங்கை காய்ச்சும் பீருக்கென்று மூன்று மாதமாகக் காலியாக வைத்திருந்தார். இன்னும் ஒரு மாதம் பார்ப்பதாகவும், பிறகு வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். சொல்லும்போதே அவர் தலை ஒலிபெருக்கியின் தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. நெஞ்சுக்கூட்டில் இடிக்கும் இசை. மேசைமேல் கோப்பை அதிர்ந்தது.

அவளும் ஒரு வாய் குடித்தாள். கசந்தது. காலையில் இதே பீப்பாயில் பிடித்துக் குடித்தபோது இப்படியில்லை.

பீர் காய்ச்சும் கொட்டகைக்குத் திரும்பி மிச்சத்தை ஊற்றிக் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. கணவன் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தான். அலமாரியில் அவன் ரேடியோ. புல்லாங்குழல். காலை ஏழு மணிக்குப் போட்டால் சாயங்காலம்வரை ஓடும்.

ரேடியோவை அணைத்துவிட்டு இன்னொரு வாய் குடித்தாள். கசந்தது. மறுபடி போட்டாள். கசப்பு ஒதுங்கிக்கொண்டது.

நான்கு முறை காய்ச்சியிருந்தாள். ஒவ்வொரு முறையும் புல்லாங்குழலோடு ருசி பார்த்து, கசப்பு போதவில்லை என்று கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவைக் கூட்டியிருந்தாள்.

அண்ணன் கடையிலும் புல்லாங்குழல் போடச் சொன்னால் வேலை முடிந்தது என்றான் கணவன். அண்ணன் போடுவார். தங்கை கேட்டு அவர் எதையும் தட்டியதில்லை.

"கோப்பைக்கு ஒரு புல்லாங்குழலைச் சேர்த்தா கொடுக்க முடியும்? ரேடியோவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்றாள் அவள்.

பூவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து மறுபடி காய்ச்சினாள். கணவன் சீழ்க்கை அடித்தான். அதையும் நிறுத்தினாள். சாவு வீட்டில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் பீப்பாயைத் தேய்த்தான்.

பீர் தொட்டியில் இருபத்து மூன்று நாள் இருந்தது. கடைசி வாரம் தினமும் ஒரு கோப்பை பிடித்தாள். பாதியைக் கொட்டகையின் அமைதியில் குடித்தாள். மீதியை வேனுக்கு எடுத்துப்போய், கண்ணாடிகளை ஏற்றி, அண்ணன் கடைப் பாட்டை அலறவிட்டுக் குடித்தாள். இரண்டும் ஒன்றுபோல இருக்கும்வரை பீப்பாயில் அடைக்கவில்லை.

அண்ணன் கொடுத்த மாதத்தின் இருபத்தேழாம் நாள் காலை. அதே மேசை, அதே தாளம். அண்ணன் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். ஆறாவது குழாயை மாட்ட ஸ்பானரை எடுத்தார்.

அவள் எழுந்துபோய் ஒலிபெருக்கியை அணைத்தாள். குளிர்பெட்டியின் முனகல் மட்டும் கேட்டது. அவர் கையிலிருந்த ஸ்பானரை வாங்கி மேசைமேல் வைத்தாள். மிச்சமிருந்த கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"இப்போ குடிச்சுப் பார்த்துட்டுச் சொல்லுண்ணா."