நாற்பதுக்குக் கீழே

வனஜாவைப் பார்த்து "எப்படி இருக்கிறாய்" என்று ஒருத்தர் கேட்டு இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எல்லோரும் கேட்டது "இந்த மாசம் எவ்வளவு?" என்றுதான். மாமியார் அப்படித்தான் கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரி அப்படித்தான் கேட்டாள், டாக்டர் ராஜசேகரனும் நிமிர்ந்து முகத்தைப் பார்க்கும் முன் அதைத்தான் கேட்டார். புருஷன் கோவிந்தராஜ் மட்டும் கேட்பதில்லை. லேபிலிருந்து அந்த நம்பரை வாங்கிக்கொண்டு வருகிறவனே அவன்தானே, எதற்குக் கேட்கப்போகிறான்!

அவளுக்கு வந்தது லூபஸ். உடம்பைக் காக்கவேண்டிய சக்தியே உடம்பின் மேல் பாய்கிற வியாதி. எண்பத்தெட்டாம் வருஷம் முட்டிக்கு முட்டி வீங்கி, கன்னமெல்லாம் சிவந்து தடித்து, விரலை மடக்கிச் சோறு பிசையக்கூட முடியாமல் கிடந்தாள். ஸ்டீராய்டு மாத்திரையில் அது அடங்கியது. முகம்தான் பூசணிக்காய் மாதிரி உப்பிப்போனது. உள்ளே கொதிப்பு இன்னும் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க மாதாமாதம் ஈ.எஸ்.ஆர். எடுத்தார்கள். ரத்தத்தை மெல்லிய நீளக் கண்ணாடிக் குழாயில் ஏற்றி ஸ்டாண்டில் நிறுத்திவைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் சிவப்பு எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறதோ அதுதான் எண். கொதிப்பு அதிகமென்றால் இறக்கமும் அதிகம். நாற்பதுக்குக் கீழே வந்து ஆறு மாதம் அங்கேயே நின்றால் மாத்திரையைக் குறைக்கலாம், பிறகு குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வனஜாவுக்கு முப்பத்திரண்டு முடியப்போகிறது.

தொண்ணூறு மில்லிமீட்டரில் ஆரம்பித்தது எழுபது, ஐம்பத்தெட்டு, நாற்பத்தேழு என்று சமர்த்தாகத்தான் இறங்கியது. அப்புறம் என்ன கேடு வந்ததோ, நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு, நாற்பத்தாறு என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

கோவிந்தராஜுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. அளவு பார்க்கிற கேஜுக்குள் போகாத போல்ட்டைத் தூக்கிக் கடாசுவதுதான் அவன் பிழைப்பு. சேக்காட்டில் அவர்கள் வீட்டு பீரோ கதவில் கிராஃப் தாள் ஒட்டி, நாற்பதில் சிவப்புக் கோடு கிழித்து, மாதத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தான். வனஜா தலை வாருவதற்கு பீரோக் கண்ணாடியைப் பார்த்தாலும் அந்தப் புள்ளிகள்தான் முதலில் கண்ணில் பட்டன.

"நான் நல்லாத்தாங்க கீறேன். பெட்ஷீட்டை நானே பிழிஞ்சு காயப் போடறேன். முன்னாடி ஒரு கர்ச்சீப்பைப் பிழிய முடிஞ்சுதா என்னால?"

"நீ நல்லா கீறேன்ற, இது நாப்பத்தாறுன்னுது. எதை நம்பறது? மாத்திரையை ஒழுங்கா முழுங்கறியா, இல்ல சாக்கடையில போடறியா?"

சொல்லிவிட்டு அவன் மாத்திரை அட்டையை எடுத்து எண்ணுவான். வனஜாவுக்கு அந்த அட்டையைப் பிடுங்கி அவன் வாயிலேயே திணிக்கலாம் போல வரும்.

ஒரு தடவை பெரிய ஆஸ்பத்திரியில் சி.ஆர்.பி. என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அதுவும் கொதிப்பைக் காட்டுகிற சோதனைதான். நார்மல் என்று வந்தது. வழியிலேயே அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "இந்த வியாதியில அது பல பேருக்கு ஏறாமயேதாம்மா இருக்கும். அதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஈ.எஸ்.ஆர். எவ்வளவு?" என்றார். கெட்ட எண் வந்தால் நிஜமாம், நல்ல எண் வந்தால் கணக்கில் சேராதாம். மைசூர்பாகை அவள் ஒருத்தியே தின்று தீர்த்தாள்.

தொண்ணூற்றொன்று ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு எதிரே தசரதன் லேபில் ரத்தம் கொடுத்தாள். எப்போதும் கொடுத்த கையோடு ரயிலேறிவிடுவாள். ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் கோவிந்தராஜ் லேப் வாசலிலேயே ரிசல்ட் சீட்டை வாங்கிக்கொண்டு போவான். அன்றைக்குப் பார்த்து எங்கேயோ மின்கம்பி அறுந்து ரயில் நின்றுபோயிற்று. வெயிலில் நிற்க அவளுக்கு ஆகாது, தோல் தடித்துவிடும். மறுபடி லேபுக்கே ஏறிவந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

லேப் முன்பு தரைத்தளத்தில் இருந்தது. இரண்டு வருஷம் முன்பு அங்கே வீடியோ கேசட் கடை வந்த பிறகு, மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு அறைக்குத் தசரதன் மாறிவிட்டார். ஒரே மேசை. ஒரு ஓரம் கையெழுத்து நோட்டு, மறு ஓரம் குழாய்கள் நிற்கிற ஸ்டாண்டு. நோட்டோடு ஒரு பேனாவை நூலில் கட்டி வைத்திருந்தார். அந்த நூலைப் பார்க்கும்போதெல்லாம் வனஜா அவரை மகா கஞ்சன் என்று மனசுக்குள் திட்டுவது வழக்கம். இன்றைக்கு வேறு வேலை இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் கையெழுத்துப் போட்டுப் பேனாவை வைப்பார்கள். அது உருண்டு போய் மேசை விளிம்பில் தொங்கும். நாலு பேர் வைத்தார்கள். நாலு தடவையும் ஒரே பக்கம்தான் உருண்டது.

"அண்ணே, பேனாவை எதுக்குக் கட்டி வெச்சிகினு கீறீங்க?"

"உருண்டு உருண்டு உழுந்துகினே இருந்துதும்மா. ரெண்டு பேனா போச்சு. அதான் கட்டிட்டேன்."

"ஏன் உருளுது?"

"பேனான்னா உருளாதா?"

வனஜாவின் அப்பா நூம்பலில் கொத்தனார். மழைத்தண்ணீர் ஓட மொட்டை மாடிக்கு ஒரு பக்கம் சாய்வாக வாட்டம் விட்டுத்தான் தளம் போடுவார்கள் என்பது அவளுக்குப் பத்து வயதிலேயே தெரியும். எழுந்து போய்க் குனிந்து மேசைக் காலைப் பார்த்தாள். பிறகு ஸ்டாண்டைப் பார்த்தாள்.

"இந்தக் குழாயெல்லாம் நேரா கீதாண்ணே?"

"நட்டமா நிக்குதே, தெரியல?"

"மேசைக்கு நட்டமா நிக்குது. மேசையே சாஞ்சிகினு கீதே! குழாய் சாஞ்சா ரத்தம் சீக்கிரம் இறங்குமா?"

தசரதன் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். "இறங்கும்" என்றார். சாய்ந்த குழாயில் சிவப்பு ஒரு பக்கமாக ஒதுங்கிச் சறுக்கிக்கொண்டு இறங்கிவிடும், அது முதல் வருஷப் பாடம் என்று அவரே முனகினார்.

"என் குழாய் எவ்வளவு?"

குழாயை நிறுத்தி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. "நாப்பத்தாறு."

"மிச்ச ரத்தம் கீதா?"

"கீது. ஆனா ஒரு தபா எழுதிட்டா எழுதினதுதாம்மா. இன்னொரு தபா வைக்கறதெல்லாம்—"

"வைங்கண்ணே! நான் இங்கதான் உக்காந்துகினு கீறேன்."

அவள் போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாடி மூலையில் கிடந்த ஓட்டுச் சில்லை மேசைக் காலுக்கு அவளே அண்டை கொடுத்தாள். மேசை மேல் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைப் படுக்கப்போட்டு, உள்ளே தண்ணீர் மட்டமாகிறவரை சில்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பேனாவை வைத்தாள். வைத்த இடத்திலேயே கிடந்தது. தசரதன் மிச்ச ரத்தத்தை இரண்டாவது குழாயில் ஏற்றினார். இன்னொரு மணி நேரம் போயிற்று.

இருபத்தேழு.

சந்தோஷம் வரும் என்று நினைத்தாள். வந்தது ஆத்திரம்தான். இருபத்திரண்டு மாதம் ஒரு கோணல் மேசைக்காக மாத்திரை தின்றிருக்கிறாள், பொய் சொல்கிறவள் என்று பெயர் வாங்கியிருக்கிறாள். தசரதன் பழைய நோட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டு, இந்த மாடிக்கு வந்த பிறகு யார் யாருக்கு ஈ.எஸ்.ஆர். எடுத்தோம் என்று ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டிருந்தார். அவரைத் திட்டவும் அவளுக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்டதும் கோவிந்தராஜ் குதித்தான். "ஸ்டாண்டை ஒரு தபா செக் பண்ண வாணாம்? எங்க செக்ஷன்ல மாசாமாசம் கேஜையே செக் பண்ணுவோம் தெரியுமா!"

"நீங்க பண்ணீங்களா?" என்றாள் வனஜா. "நான் நல்லா கீறேன்னு ரெண்டு வருஷமா சொன்னேனே, அதை ஒரு நாள் செக் பண்ணீங்களா? மாத்திரையைத்தானே எண்ணிகினு இருந்தீங்க?"

கோவிந்தராஜ் மாத்திரை அட்டையை எடுத்தான், எண்ணாமலே திரும்ப வைத்தான்.

மறுநாள் இருவருமாக டாக்டரிடம் போனார்கள். அவர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மெய்யாகவே வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்: "இருபத்தேழு ரொம்ப நல்ல நம்பர்மா. இன்னிலேர்ந்து ஆறு மாசம் இப்படியே இருக்கட்டும்."

"இன்னிலேர்ந்தா? நான் இவ்வளவு நாளும் நல்லாத்தானே டாக்டர் இருந்தேன்?"

"இருந்திருப்பீங்க. அதுக்கு ரெக்கார்டு இல்லையேம்மா."

வீட்டுக்கு வந்ததும் கோவிந்தராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் பீரோவிடம் போனான். கிராஃப் தாளின் மூலையை நகத்தால் பெயர்த்துக் கிழிக்கப்போனான். வனஜா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கெட்டியாகவே பிடித்தாள், பெட்ஷீட் பிழிகிற பிடி. அவன் அவள் கையைப் பார்த்தான், பிறகு முகத்தைப் பார்த்தான்.

"கிழிக்காதீங்க. பத்திரமா மடிச்சு வைங்க," என்றாள். "பொறக்கப்போறது நாளைக்கு, 'ஏம்மா என்னை இவ்வளவு லேட்டா பெத்தே'ன்னு கேக்கும். நான் சொன்னா இந்த ஊட்டுல யார் நம்பப்போறாங்க? இந்தத் தாளைத்தான் காட்டணும்."