உயர்த்திப் பூட்டிய விளக்குகள்

கிண்ணியாவுக்கு வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் போய்வந்த நாளெல்லாம் கனகசுந்தரம் தன் பழைய ஓஸ்டின் காரின் முன்னால் குந்தியிருந்து, பம்பருக்குக் கீழே இருந்த இரண்டு மூடுபனி விளக்குகளையும் துடைத்துக்கொண்டே திட்டித் தீர்ப்பான். அங்குள்ள துறையில் காரை மிதவைப் படகில் ஏற்றி இறக்கும்போது உப்புத் தண்ணீர் அடித்துவிடும். உள்ளே துருவேறிக் கறள் பிடித்து வெளிச்சம் மங்கி, கடைசியில் மஞ்சள் கண்ணாடி ஒன்று கல்லுப்பட்டு உடைந்தும் போயிற்று. இறக்குமதி நின்றுபோயிருந்த எழுபத்துநாலாம் ஆண்டு அது. ஒரு திருகாணிக்கே ஊரெல்லாம் அலையவேண்டும்.

அலைந்து திரிந்து, பழைய லொறியொன்றில் கழற்றிய இரண்டு வெள்ளை விளக்குகளைக் கொண்டுவந்தான். கராஜ்காரர் ஸெய்னுதீன் அவற்றைப் பழைய இடத்திலேயே பூட்டக் குனிந்தார்.

"அங்க வேண்டாம் நானா. பம்பருக்கு மேல பூட்டுங்கோ. உப்புத் தண்ணி படாது, பாக்கவும் எடுப்பா இருக்கும்."

"மேல பூட்டினா எதிர வாறவன்ட கண்ணுல அடிக்கும் தம்பி. கீழ பூட்டி, நிலத்தப் பாக்கச் சரிச்சு வெக்கணும். ஒவ்வொரு தரமும் நல்ல தண்ணில கழுவினா கறள் புடிக்காது."

"வாறவன் ஒதுங்கிப் போகட்டும். எனக்கு வழி தெரிஞ்சாப் போதும்."

கார்க்காரன் பிடித்த பிடியில் நின்றான். ஸெய்னுதீன் மேலேயே பூட்டிக் கொடுத்தார்.

கனகசுந்தரம் கெட்டவன் அல்ல. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால், நடந்து போகிறவனும் சைக்கிளில் போகிறவனும் அவன் கண்ணுக்கு மனிதராகத் தெரியமாட்டார்கள். இந்த நோய் அவனுக்கு மட்டும் வந்ததல்ல. கப்பல்துறைக் கிராமத்துப் பக்கம் சனங்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு ஏசினார்கள். அவன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனான்.

தை மாதம். விடிந்தும் விடியாத நேரம், றோட்டெல்லாம் பனிப்புகார் மூடிக் கிடந்தது. தம்பலகாமத்துக்கு ஒருவரை ஏற்றிப் போனபோது, கப்பல்துறை மதகடியில் ஒரு சைக்கிள் எதிரே வந்தது. வெளிச்சத்துக்குள் அகப்பட்டதும் அது அங்குமிங்கும் ஆடியது.

"விடியக்காலமையே சாராயம் போட்டிட்டான்போல," என்று சிரித்துக்கொண்டு அவன் கடந்து போனான்.

ஆளை இறக்கிவிட்டுத் திரும்பியபோது மதகடியில் கூட்டம் நின்றது. கீழே கற்களுக்கிடையில் அந்தச் சைக்கிள் நெளிந்து கிடந்தது. பக்கத்தில் பால்காரர் இராசையா. கனகசுந்தரம் காரை மெதுவாக்கினான். கூட்டம் அவன் காரை மறித்து இராசையாவைப் பின் ஆசனத்தில் கிடத்தியது. ஓடிவந்திருந்த மனைவி நல்லம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வெளிச்சம் வந்தது... பிறகு ஒண்டுமே தெரியேல்ல," என்று முனகினார் இராசையா. "காலைத் தூக்க ஏலாமக் கிடக்கு, நல்லம்மா."

ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, முள்ளந்தண்டு முறிந்துவிட்டது, இனி நடக்கமாட்டார் என்றார். வெளியே வந்த நல்லம்மா கனகசுந்தரத்தைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்கள் வந்திராட்டி அவர் அந்தக் கல்லிலயே செத்திருப்பார் தம்பி. கடவுள் மாதிரி வந்தனீங்கள்."

அவன் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். வெளிச்சம் அடித்த கார் எது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கும்பிடு அவனைப் போகவிடவில்லை.

"அந்த வெளிச்சம் என்ர காரில இருந்துதான் வந்தது அக்கா. அவர் தடுமாறினதைக் கண்டனான். குடிவெறியெண்டு நினைச்சுச் சிரிச்சுப்போட்டுப் போனனான்."

நல்லம்மாவின் கைகள் மெல்ல விலகின. அவள் கத்தியழுது நாலு அடி அடித்திருந்தாலும் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவர் ஒருநாளும் குடிச்சதில்லை," என்றாள்.

"பொலிசுக்குப் போறன் அக்கா. நடந்ததைச் சொல்லுறன்."

"போங்கோ. ஆனா ஒண்டைக் கேட்டிட்டுப் போங்கோ. உங்களுக்கு வழி தெரியவேணும் எண்டு அவற்ர கண்ணை மறைச்சுப்போட்டீங்கள். றோட்டென்ன, உங்களுக்கு மட்டும் போட்டதோ? எதிர வாறவனும் வீடு போய்ச் சேரவேணும் எண்டு நினைக்காதவன் கையில வெளிச்சமும் இருக்கக் கூடாது, வாகனமும் இருக்கக் கூடாது."